நியூட்ரலில் மட்டும்

— அழுக்காக்கணுமா? புது வயரையா?

— கொஞ்சம்தான் லா, காதர். அந்தக் கருப்பு கிரீஸை விரல்ல தொட்டு இப்படி ஒரு இழுப்பு இழுத்துவிடு. பத்து வருஷமா அங்கயே கெடந்த மாதிரி தெரியணும்.

— லெஸ்லி அண்ணே, நான் தொண்டியில அஞ்சு வருஷம், இந்தப் பண்டமாரான்ல ஏழு வருஷம் படகு மோட்டார் வயரிங் பாத்திருக்கேன். பழைய வயரைத் தொடச்சுப் புதுசாக் காட்டுன்னு கேட்டவன் நெறையப் பேரு. புதுசைப் பழசாக்கிக் குடுன்னு கேக்குற மொத ஆளு ஒங்களைத்தான் பாக்குறேன்.

— எதுக்கும் ஒரு மொத ஆளு வேணும்ல. மணி என்ன இப்ப?

— ஒம்பதே முக்கா.

— பதினோரு மணிக்கு டோரிஸ் வந்துருவா.

— யாரு, மரைன் டிபார்ட்மென்ட் ஆளா?

— என் பொண்டாட்டி.

— அதுக்குத்தான் இப்படி வேர்க்குதா.

— சிரிக்காத தம்பி. தெலுக் பங்லிமா காராங்ல ஒரு பேக்டரி, காருக்குள்ள போற வயர் கட்டு செய்யுற இடம். அங்க இருபத்தேழு வருஷம் கியூசி, சரக்குல குத்தம் பாக்குற வேலை. தொட்டுக்கூடப் பாக்க மாட்டா, தூரத்துல நின்னே ரிஜெக்ட் பண்ணுவா. கல்யாணத்தன்னிக்கு என் கோட்டு, டை, ஷூ மூணையும் ரிஜெக்ட் பண்ணா. ஆளு மட்டும் எப்படியோ பாஸ் ஆயிட்டேன். அன்னிக்கு வேலை ஜாஸ்தி, கவனிக்கலன்னு இன்னும் சொல்லுவா.

— சரி, பொண்டாட்டிக்கும் இந்த வயருக்கும் என்ன சம்பந்தம்? சுருக்கமாச் சொல்லுங்க.

— சுருக்கமா எப்படி லா சொல்றது? அஞ்சு வாரத்துக்கு முன்னாடி, இதே படகுத்துறை, இதே போட்டு. ரிட்டயர் ஆனதுலேர்ந்து கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன், ஒரு வழியா அன்னிக்குத்தான் மீன் பிடிக்க வரேன்னு சொன்னா. சார்டின் சாண்ட்விச் கட்டிக்கிட்டு வந்து பின்னால, மோட்டார் பக்கம் அந்த ஓரத்துல உக்காந்தா. நான் கீயைத் திருப்பினேன். கியர் லிவர் முன்னால தள்ளிக் கெடந்ததைப் பாக்கல. போட்டு அப்படியே பாஞ்சு என்னைப் பின்னால தள்ளிருச்சு. நான் கீயை நோக்கி ஓடி, மோட்டாரை நிறுத்திட்டுத் திரும்பிப் பாக்குறேன், டோரிஸ் இருந்த எடத்துல சாண்ட்விச் டப்பா உக்காந்திருக்கு.

— யா அல்லா!

— தண்ணி வத்துன நேரம், கழுத்தளவுதான். முட்டி வரைக்கும் சேறு. பக்கத்து போட்டு ஆ பெக், அந்தச் சீனப் பெரியவரு, கொக்கியை நீட்டி இழுத்தாரு. மேல வந்தவ அப்படியே சேத்தோட கிராப் டாக்சியைக் கூப்பிட்டா. அந்த டிரைவர் பாவம், பின் சீட்டுல பேப்பர் விரிச்சான், பிளாஸ்டிக் விரிச்சான், அப்புறம் ஏதோ மந்திரம் சொல்லி ஏத்திக்கிட்டான். போனவ போனவதான். சுங்கை பூலோவுல எங்க மக, பிரெண்டான்னு பேரு, அவ வீட்டுல இருக்கா. அஞ்சு வாரமா மேகி மீயும் நானும்தான்.

— இருங்க, இருங்க. லிவர் முன்னால கெடந்தா மோட்டார் ஸ்டார்ட்டே ஆகாதே. இந்தப் பெட்டிக்குள்ள நியூட்ரல் சுவிட்ச் ஒண்ணு இருக்கும்ல. லிவர் நட்ட நடுவுல நின்னாத்தான் கீயிலேர்ந்து ஸ்டார்ட்டருக்குக் கரண்டு விடும். இல்லேன்னா விடாது.

— விடாது.

— அப்ப எப்படி ஸ்டார்ட் ஆச்சு?

— மூடியைக் கழட்டிட்டல்ல? உள்ள பாரு.

— ...என்னண்ணே இது? சுவிட்சுக்குப் போற ரெண்டு வயரையும் அறுத்து, ஒண்ணோட ஒண்ணு முறுக்கி, மேல கருப்பு டேப்பு... சுவிட்சே இல்லாத மாதிரி நேராக் கட்டியிருக்கு. எந்தக் கூறுகெட்டவன் பாத்த வேலை?

— அவன்கிட்டதான் பேசிக்கிட்டிருக்க.

— மன்னிச்சுக்கங்கண்ணே.

— எதுக்கு? கரெக்டாத்தானே சொன்ன. சுவிட்ச் கெட்டுப்போச்சு. புதுசு வர ரெண்டு வாரம் ஆகும்னான் கடைக்காரன். ரெண்டு வாரம் யாரு லா பொறுப்பா? இத்தனைக்கும் முப்பத்து மூணு வருஷம் நான் ரயில்வேல சிக்னல் டெக்னீஷியன். பாதுகாப்பு சுவிட்சைத் தாண்டி எவனாவது குறுக்கு வயர் போட்டா வேலை போயிரும்னு புதுப் பசங்களுக்கு கிளாஸ் எடுத்தவனே நான்தான். பலகையில சிவப்பு சாக்பீஸால எழுதி, ரெண்டு கோடு வேற போடுவேன்.

— ரிட்டயர் ஆனதும் கோட்டை அழிச்சுட்டீங்க.

— எனக்கு இந்தக் கடல் மோட்டார் வயரிங்கே புடிபடல காதர். எங்க லைன்ல ஒரு வயர் அறுந்தா சிவப்பு விழும், எல்லாம் நின்னுரும். இங்க நிறுத்துற வயர் அறுந்தா மோட்டார் நிக்கவே மாட்டேங்குது! என்ன மதம் லா இது?

— கடல் மதம் அது. ரயிலு நின்னா எறங்கி நடந்து போயிரலாம். நடுக்கடல்ல ஒரு வயரு அறுந்ததுக்கெல்லாம் மோட்டார் நின்னா, நடந்தா வருவீங்க? சரி, அந்த இடுக்கியை எடுங்க. ஒங்க முறுக்கை வெட்டி எறிஞ்சாச்சு. புது சுவிட்சை இங்க மாட்டுறேன். வீட்டுல என்ன சொல்லி வெச்சிருக்கீங்க?

— அதான் பிரச்சனையே.

— பொய்யா?

— பொய்யுன்னு சொல்ல முடியாது. ஒரு விளக்கம். மோட்டார் நியூட்ரல்லதான் ஸ்டார்ட் ஆச்சு, அப்புறம் அவ ஹேண்ட்பேக் இடிச்சு லிவர் முன்னால போயிருச்சுன்னு.

— அண்ணே!

— வாயில வந்துருச்சு லா! போன்ல கத்துறா, என்னதான் ஆச்சு சொல்லுங்கன்னு. பயத்துல கண்ணு முன்னால ஹேண்ட்பேக்தான் தெரிஞ்சுச்சு. அதோட விட்டுருந்தா பரவால்ல. கோயில்ல பூசை முடிஞ்சு வெளிய வந்தா ஆளாளுக்கு டோரிஸ் எங்க, டோரிஸ் எங்கன்னு கேக்குறாங்க. சொல்லிட்டேன். இப்ப கிள்ளான் பூரா அந்த ஹேண்ட்பேக் பேமஸ். மார்வின் இருக்கானே, அவ தம்பி, அவன் பாதர்கிட்ட போயி அந்தப் பேக்கை மந்திரிச்சுக் குடுங்கன்னு கேட்டிருக்கான்.

— தண்ணியில விழுந்ததும் அவங்க, பழியும் அவங்க மேல. இதுல என்னையும் கூட்டு சேக்கப் பாக்குறீங்க.

— நேத்து ராத்திரி மெசேஜ் அனுப்பிட்டா. போட்டைப் பாக்கணும், பெட்டியைத் தொறந்து வைங்க, நான் பாத்துட்டுத்தான் வீட்டுக்கு வர்றதா இல்ல சுங்கை பூலோவுலயே இருக்குறதான்னு முடிவு பண்ணுவேன்னு. அவ வந்து பாக்குறப்போ புது சுவிட்ச், புது வயர் பளபளன்னு இருந்தா, அன்னிக்கு இது இல்லன்னு ஒரு நிமிஷத்துல கண்டுபுடிச்சுருவா. பழசா இருந்தா, இந்தா பாரு, எப்பவும் இங்கதான் இருக்குன்னு சொல்லிருவேன். அவ வீட்டுக்கு வந்துருவா. முடிஞ்சுச்சு கதை.

— முடியாதுண்ணே. ஒட்டுற எடத்துல அழுக்குப் பட்டா நாளைக்கே பச்சை பூத்துரும், கரண்டு போகாது. என் வேலையில நான் அழுக்கு வெக்க மாட்டேன். ஒங்க வேலையில நீங்க வெச்சுக்கங்க.

— நீ உன் பொண்டாட்டிகிட்ட பொய்யே சொன்னதில்லையோ?

— நஸ்ரின்கிட்டயா? சுருக்கமாச் சொல்லணும்னா, நான் இங்க ஏசி ரூம்ல உக்காந்து கம்ப்யூட்டர்ல மோட்டார் டிசைன் பண்றேன்.

— அடப்பாவி!

— வீடியோ கால் வந்துச்சுன்னா மொதலாளி ஆபீசுக்குள்ள ஓடி, அவரு நாக்காலியில உக்காந்துருவேன். மூணு வருஷமா ஓடுறேன். போன மாசம் என் நகத்தை மட்டும் பாத்துட்டா. கம்ப்யூட்டர்ல எங்கேர்ந்து இவ்வளவு கிரீஸுன்னா.

— என்ன சொன்ன?

— லைன் கட் ஆயிருச்சுன்னு சொன்னேன். அதனாலதான் சொல்றேன், ஓடி ஓடி என்னால முடியல. நீங்க இப்பவே நின்னுருங்க. இந்தாங்க, லைட்டர். இந்தச் சின்னக் குழாயை ஒட்டு மேல தள்ளி லேசா சூடு காட்டுங்க. சுருங்கிப் புடிச்சுக்கும். ஆங், கருக்கிராதீங்க. இப்ப டெஸ்ட் பல்பைப் புடிங்க. லிவர் நடுவுல இருக்கா?

— இருக்கு.

— கீயைத் திருப்புங்க. எரியுதா?

— எரியுது.

— லிவரை முன்னால தள்ளிட்டுத் திருப்புங்க.

— இல்ல.

— பின்னால.

— ம்ஹூம். அழகா இருக்கு காதர். எரியக்கூடாத நேரத்துல எரியல பாரு. அஞ்சு வாரத்துக்கு முன்னாடி இது இப்படி எரியாம இருந்திருந்தா...

— லெஸ்லி!

— ஐயோ. வந்துட்டா. டோரிஸ்! பதினோரு மணின்னு சொன்ன!

— கியூசி சொன்ன நேரத்துக்கு வந்தா பாக்குறதுக்கு ஒன்னும் மிச்சம் இருக்காது. மெலிஞ்சுட்டீங்க. சட்டையை அயர்ன் பண்ணலையா? இவர் யாரு?

— காதர். நம்ம பண்டமாரான் வர்க்‌ஷாப்புல வேலை செய்யுறாரு. சும்மா... மெயின்டனன்ஸ்.

— வணக்கம்க்கா. கையைப் புடிச்சுக்கங்க, பாத்து எறங்குங்க. போட்டு ஆடும்.

— தெரியும். ஏற்கனவே ஒரு தடவை பாத்துட்டேன். பெட்டி தொறந்திருக்கா? நல்லது. இந்த ஒட்டு யாரு அமுக்கினது?

— நான்தான்க்கா.

— சுத்தமா இருக்கு. இழுத்தா வராது. எங்க லைன்ல இருந்திருந்தா உங்களை சூப்பர்வைசர் ஆக்கியிருப்பேன். லெஸ்லி, நோட் பண்ணுங்க, வயர் புதுசு.

— அது வந்து டோரிஸ், உப்புக் காத்துல பழசு...

— சுவிட்சும் புதுசு.

— ஒரேடியா மாத்திரலாம்னு...

— கீழ கெடக்குற இந்த டேப்பு மட்டும் பழசு. இடது கைக்காரன் சுத்தினது. மடிப்பு எந்தப் பக்கம் போகுது பாருங்க. நம்ம வீட்டுல பேன், ரைஸ் குக்கர், மூக்குக் கண்ணாடி எல்லாத்துலயும் இதே மடிப்புதான். சரி, அதை விடுங்க. காதர், இந்த லிவரை நடுவுல வைங்க. என் ஹேண்ட்பேக்கைக் கொண்டு வந்திருக்கேன்.

— அந்த ஹேண்ட்பேக்கா அக்கா?

— உங்களுக்கும் தெரியுமா? சந்தோஷம். அன்னிக்குத் தூக்கின அதே பேக். சாவி, குடை, ஜெபமாலை, மருந்து, எதையும் வெளிய எடுக்கல. இப்ப இடிக்கிறேன். ஒன்னு. நகர்ந்துச்சா?

— இல்லக்கா.

— ரெண்டு. கொஞ்சம் பலமா. மூணு. இந்தப் பக்கத்துலேர்ந்து நாலு. லெஸ்லி, எட்டிப் பாருங்க, உங்க போட்டுதானே?

— டோரிஸ், போதும்மா. பேக்கு கிழிஞ்சுரும்.

— ஏன் நகரல காதர்?

— அக்கா, எனக்கு ஒரு டீ குடிச்சா தேவலை.

— குடிக்கலாம். பதில் சொல்லிட்டுப் போங்க.

— அந்தக் கைப்பிடிக்கு அடியில ஒரு பூட்டு இருக்குக்கா. விரலால அமுக்கிப் புடிச்சாத்தான் லிவர் நடுவுலேர்ந்து நகரும். தெரியாம இடிச்சா நகரக்கூடாதுன்னே வெச்சது.

— என் ஹேண்ட்பேக்குக்கு விரல் கிடையாது, லெஸ்லி. பிரெண்டா வீட்டுல சும்மாவா இருந்தேன்? இந்த மோட்டாரோட மேனுவலை போன்ல எறக்கி எண்பத்து நாலு பக்கம் படிச்சேன். மாப்பிள்ளை பயந்துட்டான், அத்தை போட்டு வாங்கப் போறாங்களான்னு. லிவர் முதல்லயே முன்னால இருந்திருக்கு. முன்னால இருந்தும் மோட்டார் ஸ்டார்ட் ஆகியிருக்கு. அப்ப இந்தப் பெட்டிக்குள்ள என்ன இருந்துச்சு?

— டோரிஸ்...

— இந்த டேப்பு என்ன வேலை பாத்துச்சு?

— அக்கா, அண்ணன் வந்து...

— நீ சும்மா இரு காதர். நானே சொல்லிடுறேன். சுவிட்ச் கெட்டுப்போச்சு. புதுசு வர்ற வரைக்கும் பொறுக்க முடியாம நான்தான் வயரை அறுத்து நேராக் கட்டினேன். உன் பேக்கு ஒன்னும் செய்யல. நீ ஒன்னும் செய்யல. காலையில வந்து இவரை இந்த வயருக்கு அழுக்குப் பூசச் சொன்னேன், நீ கண்டுபுடிக்கக் கூடாதுன்னு. அந்தாளு மாட்டேன்னுட்டாரு. உன்னை ஏமாத்துறதுக்குக்கூட எனக்கு ஆள் உதவி தேவைப்படுது பாரு. கோயில்லயும் சொல்லிடுறேன். நாளைக்குப் பூசை முடிஞ்சதும் மைக்கு வாங்கி...

— மைக்கெல்லாம் வேணாம். மார்வின்கிட்ட சொன்னாப் போதும், பினாங்கு வரைக்கும் போயிரும்.

— இல்ல டோரிஸ், அஞ்சு வாரம் உன்னைக் கேலி பண்ண விட்டேன். நீ வீட்டுக்கு வரலேன்னாலும் பரவால்ல, நான்...

— லெஸ்லி, நான் சுவிட்சுக்காகப் போகல.

— என்ன?

— பேக்குக்காகவும் போகல. அதெல்லாம் கோபம், ரெண்டு நாள்ல எறங்கிடும். முப்பத்து மூணு வருஷம் ரயிலு. ராத்திரி சிக்னல் போச்சுன்னு போன் வந்தா பேண்ட்டைப் போட்டுக்கிட்டே ஓடுவீங்க. சரி, ரிட்டயர் ஆனா வீட்டுல இருப்பாரு, ரெண்டு பேரும் பேசிக்கிட்டு உக்காந்திருக்கலாம்னு நெனச்சேன். ரயிலு போயி போட்டு வந்துச்சு. அன்னிக்கு இவ்வளவு பெரிய ஆட்டம் ஆடுது, எல்லாம் உருளுது, நீங்க என்ன பண்ணீங்க? முதுகைக் காட்டிக்கிட்டு மோட்டார் கீயைப் பாத்து ஓடினீங்க. என்னைப் பாக்கல. மொதல்ல மோட்டார்.

— அதை நிறுத்தணும்ல டோரிஸ்!

— ரெண்டு செகண்ட் திரும்பிப் பாத்துட்டு நிறுத்தியிருக்கலாம்.

— அக்கா, குறுக்க பேசுறேன்னு நெனக்காதீங்க. டீ குடிக்கப் போறேன்னவன் போயிருக்கணும், தப்புதான். சுருக்கமாச் சொல்லணும்னா, அந்த ரெண்டு செகண்ட் இருக்கே, அது இல்ல.

— ஏன் இல்ல?

— இங்க வாங்க. மோட்டாருக்குக் கீழ எட்டிப் பாருங்க. தண்ணிக்குள்ள தெரியுதா, மூணு எலை? அந்தக் காத்தாடி ஓடுறப்போ எலையே கண்ணுக்குத் தெரியாது. கியர் விழுந்து போட்டு பாயுறப்போ ஆளு தண்ணியில விழுந்தா, போட்டோட பின்பக்கம் சுத்திக்கிட்டு வந்து நேரா ஆளு மேல ஏறும். தொண்டியில எங்க மாமா ஒருத்தரு, காலு முட்டிக்குக் கீழ கெடையாது. அவரைக் காப்பாத்தணும்னு எல்லாரும் அவரைப் பாத்துத்தான் ஓடுனாங்க. மோட்டாரைப் பாத்து ஒருத்தன்கூட ஓடல.

— அதுக்காக இவரு வயரை அறுத்தது சரியாயிருமா?

— அண்ணன் வயரிங்கு மோசம்தான். ஒத்துக்கிறேன். ஆனா நீங்க தண்ணிக்குள்ள போறப்போ அந்தக் காத்தாடி நின்னு போயிருந்துச்சுன்னா, அது அவரு முதுகைக் காட்டினதாலதான்க்கா. திரும்பி ஒங்களைப் பாத்திருந்தாருன்னா இன்னிக்கு இந்தப் பெட்டியை வந்து பாக்க நீங்க இருந்திருப்பீங்களான்னு தெரியாது.

— அவ்வளவு பக்கத்துலயா இருந்துச்சு அது?

— நீங்க அந்த ஓரத்துலதானே உக்காந்திருந்தீங்க? ஒரு கை தூரம். அக்கா? என்னக்கா, மூஞ்சி வெளுத்துப் போச்சு? அண்ணே, தண்ணி குடுங்க.

— டோரிஸ், உக்காரு. இந்தா, குடி. இப்ப எதுக்கு அழுவுற? காதர், நீ எதுக்கு லா அந்தக் காலு கதையெல்லாம் சொல்ற?

— கேட்டாங்கல்லண்ணே.

— டோரிஸ், இங்க பாரு. நான் நேத்தே முடிவு பண்ணிட்டேன். இந்த போட்டை வித்துடுறேன். ஒரு சுவிட்சை மதிக்காதவனுக்கு போட்டு எதுக்கு? நீ ரயிலைப் பத்திச் சொன்னது, முதுகைப் பத்திச் சொன்னது, எல்லாம் சரி. நான் திரும்பிப் பாக்காத ஆளுதான். ஆனா உன்னை அந்தக் காத்தாடி பக்கத்துல தூக்கிப் போட்டது நான். என் கையால முறுக்கின அந்த வயரு. அதை நெனச்சா ராத்திரியில தூக்கமே வரல. உன்னைத் தண்ணியில தள்ளினது நான்தான் டோரிஸ், சத்தியமா நான்தான்.

— நீங்க தள்ளல, லெஸ்லி. போட்டு பாஞ்சப்போ நான் கம்பியைக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். எனக்கு உங்க முதுகு மட்டும்தான் தெரிஞ்சுச்சு. ஒரு தடவையாவது திரும்பிப் பாப்பீங்களான்னு நானாத்தான் கையை விட்டேன்.